வழிப்போக்கருக்கு மேட்டு நிலம் காட்டும் சந்தை

நெடுஞ்சாலையில் செல்பவனுக்கு இடையிலுள்ள ஊர்களைத் தெரியாது. அவ்வூர்களுக்கும் அவனைத் தெரியாது. அவன் வேண்டுவன மிகச் சிறியவை. வண்டியை நிறுத்த ஓரிடம், கை கால் கழுவத் தண்ணீர், தூய்மையான கழிப்பிடம், அழும் குழந்தையைச் சற்றே அமர்த்த ஒரு நிழல். இவை கிடைத்த இடத்தை மனிதன் நெடுநாள் மறப்பதில்லை. கிடைக்காத பயணத்தையும் மறப்பதில்லை. பெண்களையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு நீண்ட வழி சென்றவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டதும், சத்திரம் கட்டியதும், முஸாபிர்களுக்கென்று தங்குமிடம் அமைத்ததும் இதன் பொருட்டே. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்த காலம் போய், மோட்டார் வண்டியின் காலம் வந்தபோது, வழிப்போக்கனைப் பேணும் கடமை யாருடையது என்னும் கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு ஜப்பானியர் ஒரு விடை கண்டனர். அந்த விடையின் பெயர் 'மிச்சி-நோ-எக்கி'. 'மிச்சி' என்றால் சாலை. 'எக்கி' என்றால் நிலையம். ரயிலுக்கு நிலையம் இருப்பதுபோல் சாலைக்கும் ஒரு நிலையம்.

என் தமக்கை மகன் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள செண்டாய் நகரில் பணிபுரிகிறார். அவரிடம் சென்றிருந்தபோது, பசிபிக் கடலோரமாக இத்தகைய நிலையம் ஒன்றினைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. சந்தை பார்க்கச் சென்றோம்; சந்தைக்கும் மேலான ஒன்றைப் பார்த்துத் திரும்பினோம். அதனைச் சமுதாயக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலைக்கு ஒரு நிலையம்

1990ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் வட்டார வளர்ச்சி பற்றிய கூட்டம் ஒன்று நடைபெற்றது. 'ரயில் பாதையில் நிலையங்கள் உள்ளன. அங்கே கழிப்பிடம் உள்ளது. சாலையில் மட்டும் ஏன் இல்லை?' என்னும் கருத்து அங்கே எழுந்தது. மிக எளிய கேள்விதான். ஆயினும் அது அக்கூட்டத்தோடு மறைந்துவிடவில்லை. யமகுச்சி, கிஃபு, தொச்சிகி ஆகிய மூன்று மாகாணங்களில் 1991இலும் 1992இலும் தற்காலிகக் கொட்டகைகளை அமைத்துச் சோதித்துப் பார்த்தனர். பயன் தெரிந்தது. 1993 ஏப்ரலில் முதல் தொகுதியாக 103 நிலையங்கள் அரசினால் பதிவு செய்யப்பெற்றன. இன்று நாடெங்கும் 1200க்கும் மேற்பட்டவை உள்ளன.

இந்நிலையங்களுக்குரிய விதிகள் கவனிக்கத்தக்கவை. வண்டி நிறுத்துமிடமும் கழிப்பிடமும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். அவற்றிற்குக் கட்டணம் கூடாது. சாலை நிலவரமும் வட்டாரச் செய்திகளும் பயணிக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, அந்த ஊர் மக்களின் வாழ்வுக்கு அந்நிலையம் துணை செய்ய வேண்டும். ஓய்வு, தகவல், ஊரோடு உறவு என்னும் மூன்று தூண்களின் மீது இந்த ஏற்பாடு நிற்கிறது எனலாம்.

சந்தையும் உணவகமும் இரவில் மூடப்பட்டாலும் கழிப்பிடத்தின் விளக்கு அணைவதில்லை. எதையும் வாங்காமல், கழிப்பிடத்தை மட்டும் பயன்படுத்திவிட்டுச் செல்பவனை 'ஏன் வந்தாய்?' என்று எவரும் கேட்பதில்லை. வணிகம் பிறகு, வந்தவனின் தேவை முதலில். இதுவே அந்நிலையங்களின் அடிப்படை நெறி.

கட்டடத்தை அரசோ ஊராட்சியோ எழுப்புகிறது. நடத்துவோர் பெரும்பாலும் ஊரைச் சார்ந்தவர்களே. ஆதலால் ஒவ்வொரு நிலையமும் தன் ஊரின் முகமாக இருக்கிறது. மலையூரில் காளானும் மரச்சாமானும். சமவெளியில் காய்கறியும் அரிசியும். கடலோரத்தில் மீனும் சிப்பியும் கடற்பாசியும். எல்லா ஊரிலும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே பண்டம் என்னும் சலிப்பு அங்கே இல்லை.

பைன் மரங்களின் கரை

நாங்கள் சென்ற நிலையத்தின் பெயர் 'தகதா மத்சுபாரா'. இவாத்தே மாகாணத்தில் ரிகுசென்தகதா என்னும் சிற்றூரின் கடற்கரையில், 45ஆம் எண் தேசியச் சாலையின் ஓரமாக அது அமைந்துள்ளது. செண்டாயிலிருந்து கரையோர விரைவுச் சாலையில் காரில் ஏறத்தாழ 2 மணி நேரப் பயணம்.

'மத்சுபாரா' என்றால் பைன் மரத் தோப்பு. 17ஆம் நூற்றாண்டில், கடற்காற்றும் மணலும் உப்பும் வயல்களைக் கெடுக்காதிருக்கும் பொருட்டு அவ்வூர் வணிகர் ஒருவர் இங்கே பைன் கன்றுகளை நடத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களும் நட்டனர். தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அத்தோப்பு, 2 கிலோமீட்டர் நீளக் கரையில் ஏறத்தாழ 70,000 மரங்களாக நின்றது. கோடையில் நீராடவும் உலாவவும் வெளியூர் மக்கள் திரண்டு வந்தனர். அவர்கள் இளைப்பாறுவதற்கென்றே சாலையோர நிலையம் இங்கு எழுந்தது. அதன் பழைய கட்டடத்திற்கு 'தாப்பிக் 45' என்று பெயர். கடலை நோக்கியவாறு படிப்படியாக உயர்ந்து செல்லும் கூரையே அதன் தனித்தன்மை.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2 மணி 46 நிமிடத்திற்கு 9.0 அளவுள்ள நிலநடுக்கம் கடலடியில் நிகழ்ந்தது. ஒரு மணி நேரம் கழிவதற்குள் ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தது. கரையில் அன்றிருந்த தடுப்புச்சுவரின் உயரம் 5.5 மீட்டர். சாலையோர நிலையத்தின் கட்டடத்தில் இன்று குறித்து வைக்கப்பட்டுள்ள அலையின் உயரமோ 14.5 மீட்டர்.

ஏறத்தாழ 24,000 மக்கள் வாழ்ந்த அவ்வூரில் 1700க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். நூற்றுக்கு ஏழு பேர். ஊரின் நடுப்பகுதி முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டது. 70,000 மரங்களில் நின்றது ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை மரமும், வேரில் உப்பு நீர் ஊறிப்போனதால் அடுத்த ஆண்டே பட்டுப்போயிற்று.

மறுபடியும் அதே சாலையோரத்தில்

எட்டரை ஆண்டுகள் கழிந்தன. 2019 செப்டம்பர் 22 அன்று அந்நிலையம் மீண்டும் திறக்கப்பெற்றது. ஆனால் இம்முறை அது தனியாக எழவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரு பக்கம் சந்தையும் உணவகமும். மறுபக்கம் இவாத்தே சுனாமி நினைவு அருங்காட்சியகம். இரண்டிற்கும் நடுவே அகன்ற திறப்பு ஒன்று. அதன் வழியே நோக்கினால், பார்வை நேர்கோடாகச் சென்று கடற்சுவரின் மீதுள்ள மேடையில் முடிகிறது. அங்கே மக்கள் நின்று மலர் வைத்து, மாண்டோரை நினைக்கின்றனர்.

எம்மை முதலில் திகைக்க வைத்தது வேறொன்று. கடலோரச் சந்தை என்று வந்தோம், கடலைக் காணவில்லை! புதிதாக எழுப்பிய தடுப்புச்சுவர் 12.5 மீட்டர் உயரம். நான்கு மாடி வீட்டளவு. அதன் மீது ஏறி நின்றால்தான் நீலக் கடல் கண்ணில் படுகிறது. இத்தகைய சுவர்களைப் பற்றி அக்கரையோர மக்களிடையே கருத்து வேற்றுமை இருந்து வந்துள்ளது. 'உயிரைக் காக்கும்' என்பார் ஒரு சாரார். 'கடல் கண்ணுக்கு மறைந்தால் அதன் குணம் மாறுவதும் தெரியாது போகும். சுவரை நம்பி மக்கள் ஓடாமல் நின்றுவிடுவர்' என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் பொருளுண்டு. 2011இல் அலை வந்த உயரத்திற்கு இச்சுவரும் குறைவானதே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவர் போதாது என்பதை அறிந்தே அவர்கள் பிறவற்றையும் செய்துள்ளனர். ஆற்றுக்கு அப்பாலுள்ள மலையை வெட்டி, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள ராட்சதப் பட்டை வழியே மண்ணைக் கொணர்ந்து, ஊரின் நடுப்பகுதியையே மேடாக்கினர். லாரிகளை மட்டும் நம்பியிருந்தால் பல ஆண்டுகள் இழுத்திருக்கும் அவ்வேலை, அதனால் விரைந்து முடிந்தது. கரையில் ஏறத்தாழ 40,000 பைன் கன்றுகளை மறுபடி நட்டனர். அப்பணி 2021இல் நிறைவுற்றது. இன்று அவை சிறு மரங்களே. பழைய தோப்பின் நிழலை இன்று நடுபவர்கள் காணப் போவதில்லை. ஆயினும் நட்டார்கள்.

உற்பத்தியாளரின் பெயரோடு ஒரு கட்டுக் கீரை

சந்தைக்குள் நுழைவோம். நாங்கள் சென்றது இலையுதிர் காலம். ஊரையடுத்த யொனேசாக்கிப் பகுதியின் ஆப்பிள்கள் குவிந்திருந்தன. யூசு என்னும் மணமிக்க எலுமிச்சை வகை ஒருபுறம். அது பயிராகும் வடகோடி தம் ஊரே என்று அவர்கள் பெருமையுடன் எழுதி வைக்கின்றனர். 'தகதா-நோ-யூமே', அதாவது தகதாவின் கனவு என்னும் பெயருள்ள அரிசி மற்றொருபுறம். பேரழிவுக்குப் பின்னர் இவ்வூருக்கு நன்கொடையாக அளிக்கப்பட்ட நெல் வகை அது. உப்பு படிந்த வயல்களைத் திருத்தி, அதனை ஊரின் அடையாளமாக வளர்த்துள்ளனர்.

கடற்பொருள்களில் ஹிரோத்தா விரிகுடாவின் சிப்பிகள் பெயர் பெற்றவை. டோக்கியோச் சந்தையில் அவற்றிற்குத் தனி மதிப்பு. வக்காமே என்னும் கடற்பாசியை வெந்நீரில் இட்டு எடுத்து, உப்பிட்டுப் பொதிந்து விற்கின்றனர். வாங்கி வந்து நீரில் ஊறவைத்தால் பச்சைப் பசேலென விரிகிறது. "மாமா, இதைத்தான் இங்கே காலை சூப்பில் போடுகிறார்கள்" என்றார் மருமகன். கீரை தின்று வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இத்தகைய நிலையங்களின் நேரடி விற்பனைப் பகுதி எவ்வாறு இயங்குகிறது என்பது நம்மவர்க்குப் பயன்படும் செய்தி. உழவர் விடியற்காலையில் தம் விளைபொருளைத் தாமே கொணர்ந்து அடுக்குகிறார். விலையைத் தாமே குறிக்கிறார். பொதியின் மீது அவருடைய பெயர் ஒட்டப்படுகிறது. விற்ற தொகையில் ஒரு பங்கை நிலையம் எடுத்துக்கொண்டு, மீதியை அவருக்குச் சேர்க்கிறது. விற்காததை மாலையில் அவரே எடுத்துச் செல்ல வேண்டும். இடைத்தரகர் இல்லை. வளைந்த வெள்ளரியும், அளவில் சிறுத்த முள்ளங்கியும், பெரிய சந்தை ஏற்காத பத்தே பத்துக் கட்டுக் கீரையும் இங்கே இடம் பெறுகின்றன.

இதன் அருமை அந்நாட்டின் நிலையை அறிந்தால்தான் விளங்கும். ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். சிற்றூர்களில் இவ்விகிதம் இன்னும் மிகுதி. பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். ரிகுசென்தகதாவின் மக்கள் தொகையும் இன்று 18,000க்குக் கீழே இறங்கிவிட்டது. எழுபது வயது மூதாட்டி லாரி நிறையக் காய்கறி அனுப்ப முடியாது. ஒரு கூடை கொண்டுவர முடியும். அந்த ஒரு கூடைக்கு இடமளிப்பதால் அவருடைய கொல்லை தரிசாகாமல் இருக்கிறது. கையில் நாலு காசு சேர்கிறது. அதனினும் மேலாக, காலையில் எழுந்து செல்ல ஓரிடம் இருக்கிறது. தம் பெயரைப் பார்த்து வாங்குபவர் ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவே முதுமைக்கு ஓர் ஊன்றுகோல் அல்லவா?

உணவைப் பற்றியும் ஒரு சொல். கடலோரமாயிற்றே, மீன்தானே, அச்சமில்லை என்று நம்மவர் எண்ணிவிடக் கூடாது. மீன் ஹலால், ஆனால் அதனை ஊறவைக்கும் மிரின் என்பது இனிப்பான அரிசி மது. குழம்பிலும் சாகே சேர்ப்பதுண்டு. சில சோயாச் சாறுகளிலும் சாராயம் கலக்கப்படுகிறது. கேட்டறிந்து, சுட்ட மீனும் உப்பும் வெறுஞ்சோறுமாக முடித்துக்கொண்டோம். சிப்பி விஷயத்தில் ஷாஃபிஈகளுக்குத் தடையில்லை. ஹனஃபிகள் ஆப்பிளோடு அமைதி கொள்ள வேண்டியதுதான். பூங்காவின் ஓரத்துப் புல்வெளியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். எவரும் இடையூறு செய்யவில்லை.

எதை வைத்திருப்பது, எதை இடிப்பது?

சந்தையிலிருந்து சற்றுத் தொலைவில் பழைய கட்டடமான 'தாப்பிக் 45' சிதைந்த நிலையில் அப்படியே நிற்கிறது. உள்ளே வளைந்த கம்பிகளும் பெயர்ந்த சுவர்களும். கடலை நோக்கிய அதன் படிக்கூரையின் உச்சிக்கு அன்று ஏறிச் சென்ற மூவர் உயிர் தப்பினர். கூரையைப் படிப்படியாக அமைத்த ஒரு செயல், மூன்று வீடுகளில் ஒப்பாரி எழாமல் காத்தது.

அழிவின் எச்சங்களில் எதனைக் காப்பது, எதனை இடிப்பது என்பதில் அவ்வூரார் கொண்ட முடிவு நெஞ்சைத் தொடுவது. எந்தக் கட்டடத்தில் மக்கள் மாண்டனரோ அதனை வைத்திருப்பதில்லை. எங்கே உயிர் பிழைத்தனரோ அதனையே காப்பது. அம்முறையில், பலர் உயிரிழந்த பழைய நகராட்சி மன்றம் 2013இல் இடிக்கப்பட்டது. கெசென் நடுநிலைப் பள்ளியின் கட்டடம் நிற்கிறது. ஏனெனில் பள்ளியிலிருந்த மாணவர் அனைவரும் மேட்டிற்கு ஓடித் தப்பினர். உற்றாரை இழந்தவர் நாள்தோறும் அந்தச் சுவர்களைக் கண்டு புண்படக் கூடாது; அதே வேளை, எப்படித் தப்பினர் என்னும் பாடம் வருந்தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே எண்ணிய முடிவு இது.

ஒற்றைப் பைன் மரத்தைப் பற்றியும் விவாதம் எழாமல் இல்லை. பட்டுப்போன மரத்தைப் பதப்படுத்தி, 2013இல் மீண்டும் நிறுத்த ஏறத்தாழ 15 கோடி யென் செலவாயிற்று. நன்கொடையாகத் திரண்ட பணந்தான். எனினும், 'தற்காலிகக் குடில்களில் மனிதர் வாழும்போது மரத்திற்கா இவ்வளவு?' என்று கேட்டவர்கள் இருந்தனர். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்று அம்மரத்தைக் காணவே ஆயிரக்கணக்கானோர் இறங்குகின்றனர். இறங்கியவர்கள் சந்தையில் வாங்குகின்றனர். பயன் விளைந்திருக்கிறது. ஆயினும் கேட்டவரின் கேள்வியும் மதிக்கத்தக்கதே.

அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. தனோஹத்தா என்னும் ஊரின் தீயணைப்பு வண்டி ஒன்று கசங்கிய தகரமாக அங்கே வைக்கப்பட்டுள்ளது. ஆற்றுப் பாலத்தின் இரும்பு உத்திரம் ஒன்று முறுக்குண்டு கிடக்கிறது. ஆப்பிள் வாங்க வந்த குடும்பம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இவற்றின் முன் வாய்பேசாது நிற்கிறது. அருங்காட்சியகம் என்று தனியே கட்டியிருந்தால் அக்குடும்பம் வந்திருக்குமோ என்னவோ? சந்தைக்கு அருகே வைத்ததன் நுட்பம் இதுவே.

வந்தவனுக்கு வழி தெரியாது

இவ்விடத்தின் உட்கருத்தை இங்கேதான் உணர்ந்தோம். ஊரில் பிறந்தவனுக்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரியும். பாட்டன் சொல்லியிருப்பான். இக்கரையில் 1896இலும் 1933இலும் பேரலைகள் வந்தன. 1896இல் மாண்டோர் ஏறத்தாழ 22,000 பேர். 1960இல் உலகின் மறுகோடியிலுள்ள சிலி நாட்டு நிலநடுக்கத்தின் அலைகூட இங்கே வந்து உயிர்களைக் கொண்டது. மியாக்கோ நகரின் அனெயோஷி என்னும் சிற்றூரில், 'இதற்குக் கீழே வீடு கட்டாதீர்' என்னும் கருத்துப்படக் கல்லில் பொறித்து வைத்தனர். அச்சொல்லைக் காத்து மேட்டில் வாழ்ந்த வீடுகளை 2011இன் அலையும் எட்டவில்லை.

ஆனால் வெளியூரிலிருந்து மீன் வாங்க வந்து, வண்டியை நிறுத்தி, பிள்ளைக்குப் பனிக்கூழ் வாங்கித் தரும் பயணிக்கு அந்தக் கல் தெரியாது. பாட்டன் சொன்னதும் தெரியாது. ஊரின் மிகத் தாழ்ந்த பகுதியில், கடலுக்கு மிக அருகில் நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அவனை அங்கே அழைத்தவர்கள் ஊரார். ஆகவே அவனுக்கு வழி சொல்லும் பொறுப்பும் ஊராருடையதே. விருந்தினரின் உயிர் விருந்தளிப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அந்த அமானிதத்தை அவர்கள் எவ்வாறெல்லாம் பேணுகின்றனர் என்று பாருங்கள். 45ஆம் எண் சாலையில், 'முன்னர் அலை புகுந்த பகுதி இங்கே தொடங்குகிறது', 'இங்கே முடிகிறது' என்று பலகைகள் நிற்கின்றன. ஓட்டுபவர் அறியாமலே அவர் மனத்தில் எல்லை பதிகிறது. அலை எட்டிய கோட்டின் நெடுகிலும் செர்ரி மரங்களை நட்டு வரும் பொதுத் தொண்டு ஒன்று இவ்வூரில் நடைபெறுகிறது. 170 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டில் 10 மீட்டருக்கு ஒன்றாக 17,000 மரங்கள் என்பது அவர்களுடைய இலக்கு. ஆண்டுதோறும் அவை பூக்கும். பூக்கும் கோட்டிற்கு மேலே ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கல்வெட்டின் எழுத்தை மனிதன் மறப்பான். பூவை மறக்கமாட்டான் என்று எண்ணினர் போலும்.

அக்கரையோர மக்களிடையே 'சுனாமி தெந்தென்கோ' என்றொரு வழக்கு உண்டு. அலை வந்தால் அவரவர் தனித்தனியே மேட்டிற்கு ஓடுக என்பது அதன் பொருள். முதலில் கேட்கும்போது கல்நெஞ்சமாகத் தோன்றும். தாய் பிள்ளையை விட்டு ஓடுவதா? அதன் உட்பொருள் அதுவன்று. தாயைத் தேடிப் பிள்ளை வீட்டிற்கு ஓடுகிறான். பிள்ளையைத் தேடித் தாய் பள்ளிக்கு ஓடுகிறாள். இருவரையும் அலை கொண்டுபோகிறது. முன்னரே பேசி வைத்திருந்தால், 'அவள் ஓடியிருப்பாள்' என்று அவனும், 'அவன் ஓடியிருப்பான்' என்று அவளும் நம்பி ஓடுவர், மேட்டில் சந்திப்பர். ஆகவே அது தன்னலத்தின் சொல்லன்று. ஒருவரையொருவர் நம்புவதன் சொல். அந்நம்பிக்கை அலை வரும் நாளில் பிறக்காது. அமைதியான நாளில், வீட்டில் அமர்ந்து பேசியிருக்க வேண்டும்.

சாலையோர நிலையங்களின் கடமையும் இவ்வாறே விரிந்தது. 2004 அக்டோபரில் நீகாத்தா மாகாணத்து நிலநடுக்கத்தின்போது மக்கள் அவற்றில் அடைக்கலம் புகுந்தனர். 2011இல், உள்நாட்டிலுள்ள தோனோ நகரின் நிலையம் கரைக்குச் செல்லும் மீட்புப் படையினருக்கு இடைத்தங்கலாயிற்று. 2021இல் 39 நிலையங்கள் பேரிடர்க் காப்பு நிலையங்களாக அரசினால் தேர்ந்தெடுக்கப்பெற்றன. கழிப்பிடத்தில் தொடங்கிய ஏற்பாடு உயிர் காக்கும் அரணாக வளர்ந்துள்ளது.

இவற்றுக்கும் இடர் இல்லாமல் இல்லை. செண்டாயிலிருந்து வடக்கே ஹச்சினோஹே வரை 359 கிலோமீட்டர் கரையோர விரைவுச் சாலை 2021 டிசம்பரில் முழுமையுற்றது. நோயாளியை மருத்துவமனை சேர்க்க அது பெரும் வசதி. ஆனால் விரைந்து செல்பவன் இடையில் இறங்குவதில்லை. பழைய சாலையோரத்துச் சிறு ஊர்கள் அவன் கண்ணில் படாமற்போகும். அவனை இறங்கச் செய்வது இனி அந்தச் சந்தைகளின் திறமையில் இருக்கிறது.

நம் கரைகளுக்கு

இவையெல்லாம் தொலைதூரச் செய்தி என்று நாம் கைகட்டியிருக்க இயலாது. 2004 டிசம்பர் 26 நமக்கு மறக்கவொண்ணாத நாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. சுனாமி என்னும் சொல்லே நம்மில் பலருக்கு அன்றுதான் அறிமுகமாயிற்று. வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்டவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து வந்த யாத்திரிகர்கள். கரையும் தெரியாது, கடலின் குறிப்பும் தெரியாது, ஓடும் வழியும் தெரியாது. அலைக்குப் பின்னர் நம் மக்கள் காட்டிய பரிவு பெரிது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுப்புற மீனவக் குப்பங்களின் மக்களை அரவணைத்து, சமைத்து உணவளித்ததை நாடே அறியும். அலைக்கு முன்னர் செய்யவேண்டியதில்தான் நமக்குக் குறை.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கடலோரம் வாழும் குடும்பங்கள் பல்லாயிரம். திருமணத்திற்கும் விசேடங்களுக்கும் வெளியூர் உறவினர் வருகின்றனர். கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்கின்றனர். அவர்களிடம், 'நிலம் நீண்ட நேரம் குலுங்கினாலும், கடல் உள்வாங்கினாலும் நின்று பார்க்காதீர்கள். இந்தத் தெரு வழியாக உள்ளே ஓடுங்கள்' என்று ஒருமுறை சொல்ல எவ்வளவு நேரமாகும்? பிள்ளைகளிடம், 'எங்களைத் தேடி வீட்டுக்கு வராதே. பள்ளிக்கூடத்து மாடியில் ஏறு. நாங்கள் அங்கே வருவோம்' என்று பேசி வைக்க என்ன செலவாகும்? கடலோரச் சாலையில் கடை வைத்திருப்பவர் இரவிலும் திறந்திருக்கும் தூய கழிப்பிடம் ஒன்றையும், மேட்டு நிலத்திற்கு அம்புக்குறியிட்ட பலகை ஒன்றையும் அமைத்தால், அவருடைய வணிகம் குறையுமா, கூடுமா?

வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கிறோம். முள்ளை அகற்றுவதன் நோக்கம் என்ன? நமக்குப் பின்னால் வரும், நாம் அறியாத ஒருவனின் கால் நோகாதிருக்க வேண்டும் என்பதே. அறியாத ஒருவனுக்காக விளக்கை அணையாது வைப்பதும், ஓடும் வழியை எழுதி வைப்பதும் அதே வகைப்பட்ட செயல்கள்தாம். ரிகுசென்தகதாவின் மக்கள் தம் உற்றாரில் 1700 பேரைப் பறிகொடுத்த பின்னர், அதே கரையில், அதே சாலையோரத்தில், முன்பின் அறியாத வழிப்போக்கருக்காக மறுபடியும் ஒரு சந்தையைத் திறந்தனர். திறக்கும்போது, அவனுக்கு விற்க வேண்டியது எது என்பதை மட்டும் அவர்கள் எண்ணவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியது எது என்பதையும் எண்ணினர்.